செமி ஹாலோ கிட்டாரில் மரம் செய்யும் வேலை

“மேப்பிள் மரம் என்றால் பளிச்சென்று ஒலிக்கும், மஹோகனி என்றால் இதமாக ஒலிக்கும், உள்ளே காலியாக இருந்தால் காற்றோட்டமாக ஒலிக்கும்.” கிட்டார் வாங்கக் கிளம்பும் எவர் காதிலும் இந்த மூன்றும் விழாமல் இருக்காது. இதற்கு நேர் எதிராகவும் ஒரு கட்சி உண்டு: “எலெக்ட்ரிக் கிட்டாரில் மரத்துக்கு வேலையே கிடையாது, எல்லாம் பிக்கப்தான்.” இரண்டு பக்கத்திலும் பாதி உண்மை இருக்கிறது. உள்ளே பாதி மட்டும் காலியாக இருக்கும் செமி ஹாலோ எலெக்ட்ரிக் கிட்டாரில் இந்தச் சண்டை இன்னும் முற்றுவதற்கு அதன் தோற்றமே காரணம். வயலின் போல முகத்தில் இரண்டு துளைகள், தட்டிப் பார்த்தால் உள்ளே கூடு, ஆனால் ஒலி வருவதோ அதைப் பெருக்கித் தரும் ஆம்பிலிருந்து. அந்தக் கூடும் துளைகளும் ஆம்பில் கேட்கும் ஒலிக்குள் எந்த வழியாகப் புகுகின்றன என்று தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை தானாகத் தீர்ந்துவிடும்.

## பிக்கப்புக்கு மரம் கேட்காது

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய சுருள். எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கைப் போலக் காற்றின் அசைவைப் பிடிப்பது அதன் வேலை இல்லை. அதே கிட்டாரில் நைலான் தந்தி மாட்டி மீட்டினால், பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகவே கேட்கும். ஆம்பில் மட்டும் ஒன்றும் வராது.

ஆகவே துளை வழியாக வெளியே வரும் ஒலியைப் பிக்கப் பிடித்து ஆம்புக்கு அனுப்புகிறது என்று நினைப்பது தவறு. பிக்கப்புக்குத் தெரிந்ததெல்லாம் தந்தியின் அசைவுதான். அப்படியானால் மரம் எங்கே வருகிறது? தந்தி எப்படி அசைகிறது, எவ்வளவு நேரம் அசைகிறது என்பதில் வருகிறது.

ஒரு கயிற்றின் நுனியைச் சுவரில் அறைந்த ஆணியில் கட்டி, மறுநுனியைப் பிடித்து ஓர் உதறு உதறுங்கள். அலை ஓடிப்போய் ஆணியில் மோதி, போன வீச்சோடு திரும்பி வரும். அதே கயிற்றை வளையக்கூடிய ஒரு மரக்கிளையில் கட்டி உதறினால் கிளையும் சேர்ந்து ஆடும், திரும்பி வரும் அலை இளைத்திருக்கும். கிளை ஆடுவதற்கான ஆற்றல் கயிற்றின் கணக்கிலிருந்து போயிற்று. கிட்டாரில் தந்தியின் ஒரு முனை, உடற்பகுதியான பாடியின் மேல் அதைத் தாங்கும் பிரிட்ஜில் நிற்கிறது. மறுமுனை, நீண்ட கழுத்தான நெக்கின் தலைப்பில் தந்தி உட்காரும் நட்டிலோ, நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் விரல் அழுத்தும் ஃப்ரெட்டிலோ நிற்கிறது. அந்த முனைகள் ஆணி மாதிரி உறுதியாக இருந்தால் தந்தி நெடுநேரம் ஒலிக்கும். கிளை மாதிரி நெகிழ்ந்தால் சீக்கிரம் அடங்கும்.

இதில் இன்னொரு திருப்பம் உண்டு. கிளை எல்லா உதறலுக்கும் ஒரே மாதிரி ஆடாது. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் ஒரு விரலே போதும், நேரம் தப்பித் தள்ளினால் முழுப் பலமும் வீண். ஒரு பொருளுக்கு இயல்பான அதிர்வு வேகம் ஒன்று இருக்கும். அந்த வேகத்தில் தூண்டும்போது அது மிகையாக அதிர்வதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். கிட்டாரின் பாடிக்கும் நெக்குக்கும் இப்படிப்பட்ட ஒத்ததிர்வுகள் பல இருக்கின்றன.

ஒரு தந்தியும் ஒரே வேகத்தில் மட்டும் அதிர்வதில்லை. ஐந்தாம் தந்தியை எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் மீட்டினால் 110 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு 110 அதிர்வு) 220, 330, 440 என்று அடுக்கடுக்காக மேல் அதிர்வுகளும் பிறக்கின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்போம். எந்த மேற்சுரம் பாடியின் ஒத்ததிர்வோடு ஒத்துப்போகிறதோ, அது மரத்துக்குள் விரைவாக வடிந்துவிடும். மற்றவை தந்தியிலேயே தங்கும். நாம் டோன் என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கலவையையும், நொடிக்கு நொடி அது மாறும் விதத்தையும்தான்.

சுருக்கமாகச் சொன்னால், மரம் தந்தியிடம் ஒலியைச் சேர்ப்பதில்லை. சில அதிர்வுகளைச் சீக்கிரமும் சிலவற்றைத் தாமதமாகவும் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் நிற்பதைத்தான் பிக்கப் ஆம்புக்கு அனுப்புகிறது.

## ஒரே முகம், மூன்று வயிறு

கிப்சன் நிறுவனம் 1936-ல் வெளியிட்ட இஎஸ்-150 முழுக்க உள்ளீடற்ற கிட்டார். அக்கூஸ்டிக் கிட்டாரில் பிக்கப் பொருத்தியது என்றே சொல்லலாம். மேடையில் ஆம்பின் ஒலியைக் கூட்டினால் இந்த வகைக் கிட்டார்கள் ஊளையிட்டன. 1940-ஐ ஒட்டி லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் ஒரு 4 அங்குலச் சதுர பைன் கட்டையில் நெக்கையும் பிக்கப்பையும் பொருத்தி, அதன் இரு பக்கமும் ஓர் எபிஃபோன் கிட்டாரின் பாடியை அறுத்து ஒட்டினார். பக்கங்கள் வெறும் அலங்காரம். தந்தியைத் தாங்கியது கட்டை.

1958-ல் வந்த கிப்சன் இஎஸ்-335 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 16 அங்குல அகலம், அக்கூஸ்டிக்கில் பாதி கூட இல்லாத தடிமன், முகத்தில் எஃப் வடிவத் துளைகள். உள்ளே நெக் சேரும் இடத்திலிருந்து அடிப்பகுதிவரை ஒரு மேப்பிள் கட்டை ஓடுகிறது. பிக்கப்புகளும் பிரிட்ஜும் அந்தக் கட்டைக்கு மேல்தான் உட்காருகின்றன. இருபுறச் சிறகுகள் மட்டும் காலி. செமி ஹாலோ என்ற சொல்லை இந்த அமைப்புக்கு வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

தோற்றத்தை நம்பி ஏமாறுவது இங்கேதான். 1959-ல் வந்த கிப்சன் இஎஸ்-330, 1961-ல் வந்த எபிஃபோன் கசீனோ இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் 335-இன் உடன்பிறப்புகள். ஆனால் உள்ளே நடுக்கட்டை கிடையாது, இரண்டும் முழு ஹாலோ. ரிக்கன்பேக்கர் 330, ஃபெண்டர் தின்லைன் டெலிகாஸ்டர் ஆகியவை வேறு வழியில் வந்தவை. அவற்றில் கெட்டி மரத்தைப் பின்பக்கமாகக் குடைந்து மூடியிருக்கிறார்கள். பக்கம், முகம், நடுப்பகுதி எல்லாம் ஒரே மரத்தின் தொடர்ச்சி என்பதால் இவை கெட்டி பாடிக் கிட்டாருக்கு ஒரு படி நெருக்கம். கிரெட்ச் கிட்டார்கள் சிலவற்றில் முழுக்கட்டைக்குப் பதில் முகத்தையும் முதுகையும் இணைக்கும் கால்கள் வைத்த தாங்கி இருக்கும். அது ஹாலோவுக்கு ஒரு படி நெருக்கம்.

கையில் இருப்பது எந்த ரகம் என்று தெரியவில்லையா? துளை வழியாக ஒரு சிறு டார்ச்சை அடித்துப் பாருங்கள். எதிர்த் துளை தெரிந்தால் நடுக்கட்டை இல்லை. மரச்சுவர் மறித்தால் இருக்கிறது.

## நடுக்கட்டைதான் கதாநாயகன்

செமி ஹாலோவின் ஒலியில் மரத்தின் பங்கு என்று ஒன்று இருந்தால், அதில் பெரும்பங்கு இந்தக் கட்டைக்கு. எந்த மரம் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரவேண்டும்.

மேசையின் நடுவில் விரலால் தட்டுங்கள், அது ‘டம்’ என்று அதிரும். கால் தாங்கும் மூலைக்கு நேர் மேலே தட்டினால் ‘டக்’ என்று அடங்கிவிடும். ஹாலோ கிட்டாரில் பிரிட்ஜ் மேசையின் நடுவில் நிற்கிறது. செமி ஹாலோவில் காலுக்கு மேலே நிற்கிறது. பிரிட்ஜுக்குக் கீழே எடையும் விறைப்பும் கூடும்போது தந்தியின் அந்த முனை ஆணியைப் போல ஆகிறது. ஆற்றல் மெதுவாக வடிகிறது. ஒலி நீளும் இந்தத் தன்மையை கிட்டார்காரர்கள் சஸ்டெய்ன் என்கிறார்கள்.

ஆனால் கட்டை முழுக்க ஆணி ஆகிவிடுவதும் இல்லை. சிறகுகளின் மெல்லிய பலகை கட்டையோடு ஒட்டியே இருப்பதால் ஒரு பகுதி அதிர்வு அங்கே போய்ச் சேருகிறது. பலகையின் முக்கிய ஒத்ததிர்வுகள் பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். தந்தியின் கீழ்ச் சுரங்களும் அங்கேதான் இருக்கின்றன. அதனால் மீட்டிய அடுத்த கணத்தில் சில அதிர்வுகள் சட்டென்று இறங்குகின்றன, மிச்சம் நிதானமாக நீள்கிறது. ஒரு சிறு குமிழ் வெடித்து அதன் பின் சீரான ஒலி தொடர்வது போலக் காதில் படும். செமி ஹாலோ “காற்றோட்டமாக” ஒலிக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தொடக்கத்தைத்தான் கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் காற்றுக்கு இதில் பங்கு குறைவு.

இதை நேரில் பார்க்க எளிய வழி உண்டு. கிட்டாரை ஆம்பில் செருகி, ஒலியை அளவாக வைத்து, நான்காம் தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டை மீட்டுங்கள். பிறகு முன்கையைச் சிறகின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு அதே சுரத்தை அதே பலத்தில் மீட்டுங்கள். முழு ஹாலோ கிட்டாரில் தொடக்க ஒலி மாறுவதைச் சட்டென்று பிடிக்கலாம். செமி ஹாலோவில் கூர்ந்து கேட்டால்தான் தெரியும். கெட்டி பாடியில் எதுவும் மாறாது. ஒரே நிமிடத்தில் மூன்று வகைக் கட்டுமானமும் புரிந்துவிடும்.

கட்டையிலும் ரகங்கள் உண்டு. எடையைக் குறைக்கக் கட்டையைக் குடைகிறார்கள், அல்லது இலேசான மரத்தில் செய்கிறார்கள். கடின மேப்பிளின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோ, மஹோகனி 550-லிருந்து 600, ஸ்ப்ரூஸ் 400-ஐ ஒட்டி, பால்சா 150-தான். கட்டை இலேசாக ஆக பிரிட்ஜின் அடித்தளம் நெகிழும், கிட்டார் ஹாலோவின் பக்கம் நகரும். தோளுக்குச் சுகம். ஆம்பை உரக்க வைத்தால் ஊளை சீக்கிரம் எட்டிப்பார்க்கும். இதில் எது நல்லது என்ற கேள்விக்கே இடமில்லை, வாசிக்கும் இசையைப் பொறுத்தது.

வெளியே தெரியாத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 335 மாதிரிக் கிட்டார்களின் முகம் வளைந்திருக்கும், கட்டையோ தட்டை. நடுவில் வரும் இடைவெளியை வளைவுக்கு ஏற்றபடி சீவிய ஸ்ப்ரூஸ் துண்டுகளால் நிரப்பி ஒட்டுகிறார்கள். இந்த ஒட்டு முழுப் பரப்பிலும் பிடித்திருந்தால்தான் முகமும் கட்டையும் ஒரே பொருளாக நடந்துகொள்ளும். ஓரிடத்தில் பசை விட்டுப்போனால் அங்கே பலகை தனியாகத் துடிக்கும். குறிப்பிட்ட ஒரு சுரத்தில் மட்டும் ‘விர்ர்’ என்ற நடுக்கம் வரும். கண்டுபிடிக்க, விரல் முட்டியால் நடுக்கோட்டின் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். கட்டைக்கு மேல் ஒலி ஒரே மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். நடுவில் ஓரிடம் மட்டும் பொக்கென்று ஒலித்தால் சந்தேகப்படலாம். மேப்பிளா மஹோகனியா என்று விசாரிப்பதைவிட இந்த ஒரு நிமிடச் சோதனை பயன் தரும்.

## ‘பிளைவுட்’ என்று திட்டலாமா?

335-இன் முகமும் முதுகும் பக்கமும் ஒட்டுப்பலகை. மேப்பிள், பாப்லர், மேப்பிள் என்று மெல்லிய தகடுகளை ஒட்டி, அச்சில் வைத்து வளைத்து அழுத்தியது. அக்கூஸ்டிக் கிட்டாரில் ஒட்டுப்பலகை என்றால் மலிவு என்று அர்த்தம். அந்த நியாயத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து குறை சொல்பவர்கள் ஏராளம். ஆனால் வேலை வேறு. அக்கூஸ்டிக்கின் முகம் தாராளமாக அதிர்ந்து காற்றை அசைக்க வேண்டும். இங்கே முகம் அடங்கி இருக்க வேண்டும்.

ஒற்றைப் பலகை ரேகையின் திசையில் விறைப்பாகவும் குறுக்கே தளர்வாகவும் இருக்கும். ஒட்டுப்பலகையில் அடுத்தடுத்த தகடுகளின் ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காகப் போவதால் இரு திசையிலும் விறைப்பு கிட்டத்தட்டச் சமமாகிறது. இடையில் இருக்கும் பசையும் அதிர்வைக் கொஞ்சம் உறிஞ்சுகிறது. விளைவாக ஒத்ததிர்வுகள் மழுங்குகின்றன, ஊளை தள்ளிப்போகிறது, ஈரப்பதம் மாறினாலும் முகம் எளிதில் வெடிப்பதில்லை.

மரத்தின் பெயருக்கு வருவோம். ஒரு பலகையின் வளைவு விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 5 மி.மீ. பலகையை 5.5 மி.மீ. ஆக்கினால் தடிமன் 10 சதவீதம்தான் கூடுகிறது, விறைப்போ 33 சதவீதம் கூடுகிறது. ஒரே இன மரத்திலேயே இரண்டு பலகைகளின் அடர்த்தி கண்ணுக்குத் தெரியாமல் கணிசமாக வேறுபடும். இப்படி இருக்க, மேல்தகடு மேப்பிளா வால்நட்டா என்பதை ஆம்பில் கேட்டுக் கண்டுபிடிக்கிறேன் என்று சொன்னால் நம்புவது கடினம். அந்த மெல்லிய மேல்தகடு பெரும்பாலும் அழகுக்குத்தான், அழகுக்குப் பணம் கொடுப்பதில் தப்பும் இல்லை.

நெக்கின் கதை வேறு. நீளமான, மெல்லிய, ஒரு முனை மட்டுமே பிடிக்கப்பட்ட கட்டை அது. நடுக்கட்டை வைத்த பாடியைவிட எளிதாக ஆடும். நெக்கின் ஒத்ததிர்வும் அழுத்திய சுரமும் ஒரே இடத்தில் சந்தித்தால் அந்த ஃப்ரெட்டில் மட்டும் ஒலி சீக்கிரம் செத்துவிடும். இதற்கு டெட் ஸ்பாட் என்று பெயர். ஒவ்வொரு தந்தியிலும் முதல் ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டாவதுவரை ஒரே பலத்தில் மீட்டி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிக்கொண்டே போங்கள். அக்கம்பக்கத்து ஃப்ரெட்டுகள் எட்டு நொடி நிற்கும்போது ஒன்று மட்டும் மூன்று நொடியில் அடங்கினால் அதுதான். தலைப்பகுதியில் ஒரு ட்யூனர் கிளிப்பையோ சிறு கிளாம்பையோ மாட்டிவிட்டு மறுபடி மீட்டிப் பாருங்கள். எடை கூடியதால் நெக்கின் ஒத்ததிர்வு இறங்கி, செத்த இடம் வேறு ஃப்ரெட்டுக்கு நகரக்கூடும். ஃப்ரெட்டின் உயரக் கோளாறு என்று நினைத்து அரத்தை எடுப்பதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது. ஃப்ரெட் கோளாறாக இருந்தால் தந்தி உரசும் ஒலி கேட்கும். டெட் ஸ்பாட்டில் உரசல் இருக்காது, ஒலி சத்தமில்லாமல் அடங்கும்.

ஃப்ரெட்டுகளைப் பதித்திருக்கும் பலகையான ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட் மரமா எபனி மரமா என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தந்தி நிற்பது உலோக ஃப்ரெட்டின் மேல்.

இதுவரை பார்த்ததில் வரிசை இப்படி நிற்கிறது: நடுக்கட்டை இருக்கிறதா, எவ்வளவு கெட்டி, எவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறது என்பது முதலில். பலகையின் தடிமனும் நெக்கின் விறைப்பும் அடுத்து. மரத்தின் பெயர் கடைசியில்.

## பிரிட்ஜும் தந்தியின் வாலும்

பிரிட்ஜுக்குப் பின்னால் தந்தியைப் பிடித்திருக்கும் பாகம் டெயில்பீஸ். முதல் 335-களில் அது இரண்டு தடித்த திருகுகளால் நடுக்கட்டையில் இறங்கிய சிறு உலோகப் பட்டை. ஹாலோ கிட்டார்களில் கட்டை இல்லாததால், கிட்டாரின் அடி ஓரத்திலிருந்து தொங்கும் நீண்ட சட்டகம் வைப்பார்கள். 1960-களின் நடுவில் 335-உம் பல ஆண்டுகளுக்கு இந்தத் தொங்கும் வகைக்கு மாறியது.

கட்டையில் இறங்கிய வகையில் தந்தி பிரிட்ஜின் மேல் அழுத்தமாக உட்காரும், ஒலியின் தொடக்கம் திடமாக இருக்கும். தொங்கும் வகையில் அழுத்தம் குறைவு, பிரிட்ஜுக்குப் பின்னால் தந்தியின் நீளம் அதிகம். அந்தப் பின்பகுதியும் தானாக மெல்ல ரீங்காரமிடும். சிலருக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் ஒரு விரல் அகல கம்பளித் துணியைப் பின்பகுதித் தந்திகளுக்கு இடையே நெய்தது போல நுழைத்துவிட்டால் அடங்கிவிடும்.

டெயில்பீஸ் அலுமினியமா துத்தநாகக் கலவையா என்பதில் வேறுபாடு இல்லாமல் இல்லை, துத்தநாகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம். ஆனால் பாகத்தை மாற்றும்போது தந்தியும் புதிதாகிறது, உயரமும் மாறுகிறது. கேட்ட மாற்றத்தில் எது எதனால் என்று பிரிப்பது கடினம்.

## ஊளையும் அதன் இரு முகங்களும்

காலிப் புட்டியின் வாயில் ஊதினால் ‘ஊ’ என்று ஒலிக்கும். புட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங் போலச் சுருங்கி விரிவதால் வரும் ஒத்ததிர்வு அது. கிட்டாரின் கூடும் துளையும் அதே புட்டிதான். ஆம்பின் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கூட்டையும் பலகையையும் அசைக்கிறது, பலகை தந்தியை அசைக்கிறது, தந்தியைப் பிக்கப் ஆம்புக்கு அனுப்புகிறது, ஆம்ப் இன்னும் உரக்கத் திருப்பி அனுப்புகிறது. இந்தச் சுழற்சிக்கு ஃபீட்பேக் என்று பெயர். நடுக்கட்டை கூட்டை இரண்டாகப் பிரித்துப் பலகையையும் அடக்குவதால் செமி ஹாலோ இதை நன்றாகத் தாங்குகிறது. ஆனால் முழுக்கத் தப்பிப்பதில்லை. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் பெயரில் 1980-ல் வந்த கிப்சன் மாடலில் துளைகளையே எடுத்துவிட்டதற்குக் காரணமும் இதுதான்.

மேடையில் ஊளை கேட்டால் முதலில் ஆறு தந்திகளையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். ஊளை நின்றால் அது தந்தி, பாடி வழியாக வருவது. நிற்காமல் கீச்சென்று தொடர்ந்தால் பிக்கப்பின் சுருள் தளர்ந்து தானே அதிர்கிறது. அதை உருகிய மெழுகில் முக்கி இறுக்க வேண்டும், கிட்டாரின் மரத்தில் என்ன செய்தாலும் தீராது.

முதல் வகைக்கு, ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரிரு அடி நகர்ந்து உடலைத் திருப்பிக்கொள்வதே பாதி மருந்து. அடுத்து ஆம்பின் பெருக்க அளவான கெயினைக் குறைக்க வேண்டும். ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருந்தால் 100-லிருந்து 400 ஹெர்ட்ஸுக்குள் ஒவ்வோர் இடமாகக் குறைத்துப் பார்த்து, ஊளை எங்கே அடங்குகிறதோ அங்கே மட்டும் நிறுத்த வேண்டும். மொத்த பேஸையும் வெட்டினால் ஊளையோடு கிட்டாரின் குணமும் போய்விடும். இதற்கும் மசியாவிட்டால் துளைக்குள் மெத்தை நுரையை நுழைக்கலாம். துளையைவிடச் சற்றே பெரிய துண்டாக வெட்டி, ஒரு நூலைக் கட்டி, நூல் வெளியே இருக்கும்படி செருகுங்கள். நூலில்லாமல் தள்ளிவிட்டு, பிறகு வளைத்த கம்பியால் துழாவி உள்ளே இருக்கும் வயரைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

## மரத்தைக் குறை சொல்லும் முன்

டோன் மந்தமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி மின்பக்கத்தில்தான் இருக்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் உலோகத் தலைக்கும் இடையே அளந்து பாருங்கள். பிரிட்ஜ் பிக்கப்புக்கு 1.6 மி.மீ., நெக் பிக்கப்புக்கு 2.4 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். நெக் பிக்கப் அதைவிட நெருங்கினால் காந்தமே தந்தியை இழுத்து ஒலியைக் கலங்கடிக்கும், சஸ்டெய்னையும் தின்றுவிடும். அரை மில்லிமீட்டர் திருகினால் வரும் மாற்றம், பல வேளைகளில் மரத்தை மாற்றி வரும் மாற்றத்தைவிடப் பெரிது.

இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்புக்கு 500 கிலோ ஓம் வால்யூம், டோன் குமிழ்களும், ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250-உம் வழக்கம். ஹம்பக்கருக்கு 250 போட்டுவிட்டால் மேல் ஒலி மங்கும். உடனே “மஹோகனி போல இருக்கிறது” என்பார்கள். கேபிளுக்கும் கணக்கு உண்டு. ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் சேர்கிறது. 3 மீட்டர் கேபிளிலிருந்து 6 மீட்டருக்கு மாறினால், சில ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கும் பிக்கப்பின் ஒத்ததிர்வு கீழே இறங்கி ஒலி சற்று மழுங்கும்.

தந்தியின் நீளமும் இருக்கிறது. கிப்சன் மரபில் 24.75 அங்குலம், ஃபெண்டர் மரபில் 25.5. ஒரே தந்தியை ஒரே சுரத்துக்கு ஏற்றினால் இரண்டாவதில் இழுவை 6 சதவீதம் அதிகம். 335-க்கும் தின்லைனுக்கும் உள்ள வேறுபாட்டை மரத்தின் தலையில் மட்டும் கட்டுவது ஏன் தப்பு என்பதற்கு இது ஒன்றே போதும்.

செமி ஹாலோவில் குமிழ்களை மாற்றுவது மட்டும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. பல மாடல்களில் பின்மூடி கிடையாது, எல்லாம் துளை வழியாகத்தான் போய் வர வேண்டும். பழைய குமிழ்களின் மரையைக் கழற்றும் முன், ஒவ்வொரு தண்டிலும் நீளமான நூலைக் கட்டிவிட வேண்டும். உள்ளே போன தண்டை அந்த நூலைப் பிடித்து இழுத்து அதன் ஓட்டைக்கே கொண்டுவரலாம்.

## இரண்டு கிட்டார்களை நேர்மையாக ஒப்பிடுவது

புதிய தந்தி மாட்டிய கிட்டாரையும் மூன்று மாதத் தந்தி கிடக்கும் கிட்டாரையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு மரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை. இரண்டிலும் ஒரே தடிமனில் புதிய தந்தி, ஒரே பிக்கப் உயரம், ஒரே கேபிள், ஆம்பில் ஒரே அமைப்பு. ஒலியின் அளவையும் சமப்படுத்த வேண்டும். கொஞ்சம் உரக்க ஒலிப்பதைக் காது எப்போதும் “நல்ல டோன்” என்றே சொல்லும். ஒரே வரியை இரண்டிலும் பத்துப் பத்து முறை பதிவு செய்து, இன்னொருவரை வரிசையைக் கலைத்துப் போடச் சொல்லி, எது எந்தக் கிட்டார் என்று எழுதி வையுங்கள். இருபதில் பத்தோ பதினொன்றோ சரியாக வந்தால் அது நாணயம் சுண்டியதற்குச் சமம். பதினேழு, பதினெட்டு வந்தால் வேறுபாடு நிஜம். அதற்குப் பிறகு பிக்கப்புகளை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றி, அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். எந்த ஒலி பிக்கப்போடு நகர்ந்தது, எது பாடியோடு தங்கியது என்று அப்போதுதான் பிரியும்.